ரூபி மைக்கில் சொன்ன நாற்றம்

தென்காசியில் ரூபியின் முகம் தெரியாதவர்கள் நிறையப் பேர் உண்டு. குரல் தெரியாதவர்கள் கிடையாது. ஆடித் தள்ளுபடி, பல் மருத்துவமனைத் திறப்பு, நாளைக்குக் குடிநீர் வராது என்ற அறிவிப்பு, காணாமல்போன கறவை மாடு, எதுவானாலும் ஒரு பச்சை லோடு ஆட்டோவின் தலையில் கட்டிய இரண்டு குழாய் ஸ்பீக்கர்கள் வழியாக அவள் குரல்தான் தெருவுக்குள் வரும். ஓட்டுவது அவள் கணவன் பலவேசம். பக்கத்தில் கையில் மைக்கும் மடியில் தண்ணீர் பாட்டிலுமாக ரூபி.

மற்ற விளம்பர வண்டிகளில் பென் டிரைவ் பாடும்; டிரைவர் கொட்டாவி விடுவார். ரூபி பதிவு செய்து வைத்துக்கொள்ள மாட்டாள். எல்லாம் நேரடிதான். கூலக்கடை பஜாரில் வண்டி மாட்டிக்கொண்டால், பட்டுச்சேலை விளம்பரத்துக்கு நடுவிலேயே, "வெங்காய மூட்டை எறக்குத அண்ணாச்சி, ஒரு எட்டு ஒதுங்கி நின்னா நாங்களும் போயிருவோம், உங்க காலும் தப்பிச்சிரும்" என்பாள். கடைக்காரர்கள் சிரிப்பார்கள். வழி கிடைத்துவிடும்.

மகள் நர்சிங் படிக்கப் பாளையங்கோட்டை விடுதிக்குப் போனபிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. பகல் முழுவதும் ஊருக்கே கேட்கப் பேசுகிறவளுக்கு அந்த அமைதி ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த பலவேசத்திடம், "நான் எம்.ஏ. தமிழ் தபால்ல படிக்கப் போறேன்" என்றாள்.

"எதுக்கு?"

"இத்தன வருசமா அடுத்தவங்க எழுதிக் குடுத்ததையே பேசிட்டு இருக்கேன். இந்தச் சொல்லெல்லாம் எங்கயிருந்து வருதுன்னு ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன்."

"பாத்துட்டு வா. ரசம் ஊத்து" என்றான் பலவேசம். அவ்வளவுதான் விவாதம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலுள்ள ஒரு கல்லூரியில் நேர்முக வகுப்பு. ஆசிரியர்கள், கிராம நிர்வாக அலுவலர்கள், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் என்று பலதரப்பட்ட கூட்டம். ரூபி முதல் வரிசை. ஒரு ஞாயிறு பாடம் எடுத்த அம்மா, பழைய இலக்கியங்களில் சொற்கள் எப்படிப் புழங்கின, பின்னால் எப்படித் திசை மாறின என்று சொல்லிக்கொண்டு வந்தவர், கரும்பலகையில் 'நாற்றம்' என்று எழுதினார்.

சங்க காலத்துப் பாட்டுகளில் முல்லைப் பூவுக்கும் நாற்றம்தான், காதலியின் கூந்தலுக்கும் நாற்றம்தான். வாய் நிறையப் பாராட்டிச் சொல்லும் சொல். பக்திப் பாட்டுகளிலும் அது மணம்தான். அப்புறம் மணம், வாசனை என்று வேறு சொற்கள் வந்து நல்ல வாடையை எல்லாம் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்ள, நாற்றத்தின் பங்குக்குச் சாக்கடை மட்டும் மிஞ்சியது.

ரூபி சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள். அடங்கவில்லை. ஒரு காதலன் காதலியிடம், உன் கூந்தல் நாறுகிறது என்று சொல்ல, அவள் வெட்கப்பட்டுத் தலை குனிகிற காட்சி மனசில் வந்து நின்றுவிட்டது. பெஞ்சு குலுங்கியது. பக்கத்திலிருந்த கைக்குழந்தை அவளைப் பார்த்துச் சிரித்தது. பிறகு குழந்தையின் அம்மா. பிறகு பாடம் எடுத்தவரே சாக்பீசைக் கீழே வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ரூபிக்குக் கால் தரையில் பாவவில்லை. வழியில் கண்ட பெயர்ப்பலகையை எல்லாம் வாசித்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சொல்லும் தன் சட்டைக்குள் எதையோ ஒளித்து வைத்திருப்பதுபோல் இருந்தது. நகைக்கடையைப் பார்த்ததும் நின்றாள். நகை என்றால் பழைய பாட்டில் சிரிப்பு. நகைக்கடை என்றால் சிரிப்புக்கடை. கண்ணாடிக்குப் பின்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்த விற்பனையாளரைப் பார்த்து ஒரு சிரிப்பு, 'சேதாரம் இல்லை' என்ற பலகையைப் பார்த்து இன்னொரு சிரிப்பு.

இந்தக் கிறுகிறுப்பில் முதலில் அடிபட்டவன் பலவேசம்.

பழைய பஸ் ஸ்டாண்டு ஆட்டோ நிறுத்தத்தில் நாலு பேரோடு அவன் பேசிக்கொண்டிருந்தபோது ரூபி தூரத்திலிருந்தே கூப்பிட்டாள். "கிழவா! ஏ கிழவா! பொறப்படுவமா?"

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. பலவேசத்துக்கு நாற்பத்து மூன்று. அந்த வாரம்தான் மீசைக்குச் சாயம் அடித்திருந்தான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். மேலகரம் வரை சாலையில் குழி வந்த இடத்திலெல்லாம் வேண்டுமென்றே விட்டான்.

"கோவமா?" என்றாள் ரூபி.

"கிழவனுக்குக் கோவம் வந்தா என்ன, வராட்டி என்ன."

"ஐய, நான் திட்டல. பழைய பாட்டுல கிழவன்னா தலைவன். அந்தப் பொண்ணுக்கு உரிமையானவன். அவ கிழத்தி. கிழமைன்னா உரிமை. ஞாயித்துக்கிழமைன்னா சூரியனுக்கு உரிமையான நாளு."

பலவேசம் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே ஓட்டினான். "அப்பம் நீ கிழவின்னா?"

"கிழவின்னாலும் தலைவிதான். கூப்பிடுங்க பாப்போம்."

"வேண்டாம்மா. நான் கூப்பிட்டா ஊரு வேற மாதிரி கேக்கும்" என்றான். ஆனால் மீசை ஓரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு குழிகளை ஒதுக்கி ஓட்டினான்.

அடுத்த வாரம் ஷரீபுன்னிசாவின் அத்தர் கடை விளம்பரம் வந்தது. கணவர் இறந்தபின் கடையைத் தனியாக நடத்துகிறவர். வாசலைத் தாண்டும்போதே ஜவ்வாதும் சந்தனமும் நம் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்கும். "நீயே நல்லதா நாலு வார்த்த சொல்லு ரூபி, நான் என்னத்தக் கண்டேன்" என்று விட்டுவிட்டார். ரூபிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

யானைப்பாலத்துப் பக்கம் வண்டி வந்ததும் மைக்கை எடுத்தாள்.

"தென்காசி நகரப் பெருமக்களே! நாற்றம்! நாற்றம்! நல்ல நாற்றம்! மல்லிகை நாற்றம், மருக்கொழுந்து நாற்றம், அசல் சந்தன நாற்றம்! உங்கள் வீடு நாற, உடை நாற, உற்றார் உறவினர் எல்லாரும் நாற, இன்றே வாருங்கள் ஷரீபுன்னிசா அத்தர் மாளிகைக்கு!"

விளக்கத்தை அடுத்த வாக்கியத்தில் வைத்திருந்தாள். அந்த வாக்கியம் வாயை விட்டுக் கிளம்பும்போது பின்னால் வந்த செங்கோட்டை பஸ் ஏர் ஹாரனை அமுக்கியது. இரண்டாம் முறை சொன்னாள்; எதிரே வந்த சிமெண்டு லாரி அமுக்கியது. ஊர் காதில் விழுந்ததெல்லாம் நாற்றம் மட்டும்தான்.

வண்டி சுவாமி சன்னதி பஜாரைத் தொடுவதற்குள் போன் வந்துவிட்டது.

"ஏட்டி ரூபி! என் கடை நாறுதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வாறியாமே!"

"அக்கா, நாறுதுன்னாதான் அக்கா மணக்குதுன்னு அர்த்தம்."

"எந்தக் காலத்துல?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னால."

"என் கஸ்டமரு எல்லாம் இப்பம்லா உசுரோட இருக்காவ!"

ரூபி வண்டியை நேரே கடைக்கு விடச் சொன்னாள். கையைக் காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்பதாகத்தான் உத்தேசம். போய்ப் பார்த்தால் கடை வாசலில் கூட்டம். எப்படி நாறுகிறது என்று பார்க்க வந்தவர்கள். கல்லூரிப் பெண்கள் ஐந்தாறு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே நுழைந்து, கையை எடுத்ததும் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்கள். ஷரீபுன்னிசா திட்டிக்கொண்டே ஒவ்வொரு மணிக்கட்டிலும் ஒரு சொட்டு வைத்தார். திட்டு குறையக் குறையச் சொட்டு பெரிதாகிக்கொண்டு போனது. கடைசியில் ரூபியின் மணிக்கட்டையும் இழுத்து வைத்து, "இனிமே விளக்கத்த முதல்ல சொல்லு, நாத்தத்தப் பொறவு சொல்லு" என்றார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த விளம்பரமானாலும் தொடங்குமுன் ஒரு பழைய சொல், அதன் பொருள். குத்துக்கல்வலசையில் ஒரு மெஸ்காரர், பழைய பாட்டில் நண்டுக்குக் கள்வன் என்றும் பெயர் உண்டு என்று கேள்விப்பட்டு, பலகையில் 'இன்று கள்வன் வறுவல்' என்று எழுதிப்போட்டார். சாப்பிட வந்த போலீஸ்காரர்கள் அதன்கீழ் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மகிழ்ச்சி என்றால் பழங்காலத்தில் கள் குடித்த மயக்கத்துக்கும் பெயர் என்று ரூபி ஒருநாள் சொல்லிவிட, ஆட்டோ நிறுத்தத்தில் சாயங்காலமானால், "மகிழ்ச்சிக்குப் போவமா?" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

டீக்கடை இசக்கிமணிக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. வண்டியை மறித்து நிறுத்திக் கேட்டார்.

"ஏ ரூபி, நாம பேசுதது எல்லாம் கொச்சைன்னு சினிமாவுலகூடச் சிரிக்கான். அந்தப் பாட்டுல நம்ம பேச்சு ஏதாச்சும் இருக்கா, இல்ல எல்லாம் மதுரைக்காரனுக்குத்தானா?"

ரூபி ஒரு வாரம் தேடினாள். வண்டி நிற்கிற நேரமெல்லாம் மடியில் புத்தகம், கையில் போனில் அகராதி. தேடத் தேடக் கிடைத்ததில் அவளுக்கே மூச்சு முட்டியது. ஒருநாள் காலை டீக்கடை முன்னால் வண்டி வந்து நின்றது. விளம்பரம் ஏதும் இல்லை. சும்மாவே மைக்கைப் போட்டாள்.

"இசக்கிமணி அண்ணாச்சி கவனத்திற்கு! நாம அங்கன, இங்கனன்னு சொல்லுதோம்லா, பழைய பாட்டுல ஆங்கண், ஈங்கண்னு வருது. பைய வான்னு சொல்லுதோம். 'பைய'ங்கது அப்படியே, ஒரு எழுத்து மாறாம அங்கயும் இருக்கு. மறந்துட்டேன்னு சொல்லாம அயத்துட்டேன்னு சொல்லுதோம்; பாட்டுல அயர்த்தேன்னா மறந்தேன். நாம பேசுதது கொச்சையில்ல அண்ணாச்சி. பழசு!"

டீக்கடையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எதிரே டயர் கடையில் இருந்தவர்களும் எதற்கென்று தெரியாமல் தட்டினார்கள். இசக்கிமணிக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுவதும் எல்லாருக்கும் சீனி போடாமல் டீ கொடுத்தார். கேட்டால் நெஞ்சை நிமிர்த்தி, மேடைப் பேச்சாளர் மாதிரி, "அயத்துட்டேன்!" என்றார்.

இப்படி ஊரே லேசான போதையில் இருந்த நேரத்தில்தான் கல்யாண வரவேற்பு வந்தது.

ஓய்வுபெற்ற சப் இன்ஸ்பெக்டர் பரமேஸ்வரனின் மகள் நிர்மலாதேவி, வங்கியில் வேலை. மாப்பிள்ளை சுபாஷ், சுந்தரபாண்டியபுரத்துக்காரர், ராணுவத்தில் இருக்கிறார். வரவேற்பைத் தொகுத்து வழங்கும் பொறுப்பைப் பரமேஸ்வரன் ரூபியிடம் கொடுத்தார். அவள் மண்டபத்துக்குள் மைக் பிடிப்பது அதுதான் முதல் தடவை. நீலப் பட்டு கட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று இரண்டு நாள் பேசிப் பார்த்திருந்தாள். மாப்பிள்ளைக்கு முப்பத்தாறு வயது, முன்மண்டையில் முடி முழுக்கப் போய்விட்டது, அந்தக் காரணத்தாலேயே நாலைந்து இடம் தட்டிப்போனது, இதெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

விளக்குகள் எரிந்தன. மணமக்கள் மேடை ஏறினார்கள். சூரியகாந்தித் தோட்டத்தில் அவர்கள் எடுத்த படங்கள் திரையில் ஓடின. கூட்டத்தைப் பார்த்ததும் ரூபிக்கு உற்சாகம் தலைக்கேறியது. விளக்கம் முதலில் வரவேண்டும் என்ற ஒப்பந்தம் மறந்துபோயிற்று.

"இதோ! வீரம் செறிந்த நம் கிழவன் சுபாஷ்! அவர் கரம் பற்றிய கிழத்தி நிர்மலாதேவி!"

மண்டபத்தில் பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையிலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமா வல்லிநாயகம் எழுந்தார். வாட்டசாட்டமான விவசாயி; வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை.

"எவ அவ, எங்க மாப்பிள்ளையக் கிழவம்ங்கது? கூப்பிட்டு வச்சு அவமானப்படுத்துதீயளோ!"

பரமேஸ்வரன் கையைக் காட்ட, சவுண்டு சர்வீஸ்காரர் மைக்கை அணைத்துவிட்டார். ரூபி செத்த மைக்கைப் பிடித்துக்கொண்டு, "இல்ல அண்ணாச்சி, கிழவன்னா உரிமையுள்ளவன், தலைவன்" என்று வெறுங்குரலில் கத்தினாள். ஊருக்கே கேட்கும் குரல் அன்று மூன்றாம் வரிசையைத் தாண்டவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். வல்லிநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். அவரோடு ஒரு வேன் ஆட்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள்.

மேடையில் மணப்பெண்ணின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பெண்கள் ஓடினார்கள். அவள் அழவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க அடக்க விக்கல் வந்து, மாலையிலிருந்து ரோஜா இதழ்கள் உதிர்ந்தன.

"நீ எதுக்குச் சிரிக்க?" என்றார் சுபாஷ், முகம் இறுகி.

"இல்ல... அந்த அக்கா, கிழவன்னா எனக்கு உரிமையானவருன்னு தொண்ட கிழியக் கத்துதாங்க. ஒருத்தரும் கேக்க மாட்டேங்காங்க. எனக்குத்தான் கேக்குது."

சுபாஷ் அவளைப் பார்த்தார். பிறகு ரூபியைப் பார்த்தார். பிறகு தன் முன்மண்டையைத் தடவினார். மேடையை விட்டு இறங்கிப் போய் சவுண்டு சர்வீஸ்காரரிடம் மைக்கைப் போடச் சொன்னார்.

"எல்லாரும் உக்காருங்க. முகாம்ல என்னைய தாதாஜி, அதாவது தாத்தான்னுதான் கூப்பிடுவாங்க. அங்க இந்திக்காரன் சொல்லுதான், கேட்டுக்கிட்டு இருக்கேன். இங்க தமிழ்ல சொன்னா, அதுவும் நல்ல அர்த்தத்துல சொன்னா, வேண்டாம்னா சொல்லுவேன்? நான் கிழவன்தான். இவங்களுக்குக் கிழவன். பந்தி போடுங்க!"

மண்டபம் அதிர்ந்தது. அதன்பிறகு மேடைக்கு வாழ்த்தச் சென்றவர்கள் எல்லாரும் "கிழவன் கிழத்தி நல்லா இருங்க" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ரூபியும் சிரித்தாள். ஆனால் சோறு இறங்கவில்லை. சாப்பிடாமல் போன வேன் கண்ணுக்குள்ளேயே நின்றது.

மறுநாள் காலை பலவேசத்தோடு சுந்தரபாண்டியபுரம் போனாள். வல்லிநாயகம் வரப்பில் டிராக்டரை நிறுத்திவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். சுற்றிலும் சூரியகாந்தி இன்னும் பாதி விரியாமல் இருந்தது.

"அண்ணாச்சி, மன்னிச்சிருங்க. சொல்லு சரிதான். நான் சொன்ன இடமும் நேரமும் தப்பு" என்றாள். இதற்குமேல் அலங்காரமாக எதுவும் சொல்ல அவளுக்கு வரவில்லை.

வல்லிநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். டிராக்டரைப் பார்த்துக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு நல்லதா ஒண்ணு சொன்ன, சரி. தாய்மாமன் முன்வரிசையில உக்காந்திருக்கேன். எனக்கு ஒண்ணும் சொல்லத் தோணல, என்ன?" என்றார்.

கோபத்தின் வேர் அங்கேதான் இருந்தது. ரூபிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது.

"குரிசில்" என்றாள் சட்டென்று.

"அது என்னது? வசவா?"

"பெருமையுள்ள ஆம்பளை, தலைவன்னு அர்த்தம். அந்தக் காலத்துல அரசனையே இப்படித்தான் கூப்பிட்டிருக்காங்க."

"குரிசில்." அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "குரிசில் வல்லிநாயகம். ஏலே பலவேசம், நீ சொல்லு பாப்போம், வேற வாயில கேக்க எப்படி இருக்குன்னு."

"குரிசில் வல்லிநாயகம் அண்ணாச்சி" என்றான் பலவேசம், வண்டியிலிருந்து இறங்கி விறைப்பாக நின்று.

வல்லிநாயகம் இருவரையும் வீட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய் இட்லி வைத்தார். விடவே இல்லை. பத்து நாள் கழித்துத் தென்காசிக்கு உரம் வாங்க வந்த அவர் டிராக்டரின் நெற்றியில் மஞ்சள் பெயிண்டில் 'குரிசில்' என்று எழுதியிருந்தது. போக்குவரத்துக் காவலர் அது என்ன கம்பெனி என்று கேட்டாராம்.

ரூபி அந்த ஆண்டுத் தேர்வில் தேறினாள், இலக்கணத் தாளைத் தவிர. "இலக்கணம் என்னைய ஏமாத்திருச்சு" என்று எல்லாரிடமும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு மறுபடி பணம் கட்டினாள்.

ஜூன் பிறந்ததும் மேற்கே மலை மேகத்தில் மறைந்தது. குளிர்காற்று வந்தது. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்ற செய்தி காலை டீக்குள்ளேயே ஊரெங்கும் போய்விட்டது. ஐந்தருவிப் பக்கம் ஒரு புது உணவகத்துக்கு விளம்பரம் செய்யப் போனார்கள். இலஞ்சி தாண்டியதும் பொடிப்பொடியாகத் தூறல் நனைத்தது. ரூபி ஆம்ப்ளிபயரைப் பிளாஸ்டிக் தாளால் மூடினாள்.

"சாரல் வந்துட்டு" என்றான் பலவேசம்.

"பழைய பாட்டுல சாரல்னா மழையில்ல. மலைச்சரிவு. மேல இருந்து விழுதது இல்ல, நாம ஏறிட்டு இருக்கதுதான் சாரல்."

"நனையுதது எதுல?"

"துளியில."

"அப்பம் எனக்குச் சளி பிடிச்சா சரிவால பிடிச்சதுன்னு டாக்டர்ட்ட சொல்லவா?"

விவாதம் ஐந்தருவி வரை நடந்தது. முடிவு தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் குளிக்கப் போனார்கள். பெண்கள் பக்கம் ரூபி தலையை நீட்டினாள். தண்ணீர் உச்சியில் விழுந்ததும், படித்த சொற்கள் அத்தனையும் காதுவழியாக வெளியே போய்விட்டன. வாயில் வந்தது வெறும் கூச்சல். பக்கத்தில் நின்ற மலையாளப் பெண்ணும் கூச்சல் போட்டாள். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். ஆண்கள் பக்கமிருந்து பலவேசத்தின் குரல் அதைவிடப் பெரிதாகக் கேட்டது.

மறுநாள் காலை ரூபிக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்று மட்டும்தான் வந்தது. புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய் விளம்பரம் அன்றைக்கே போயாக வேண்டும். பலவேசம் மைக்கை, தேள் பிடிப்பதுபோலப் பிடித்தான். ஒரு கையில் ஸ்டீயரிங். கூலக்கடை பஜாருக்குள் வண்டி நுழைந்தது.

"வணக்கம். இது பலவேசம் பேசுதேன். ரூபிக்குத் தொண்ட கட்டிட்டு. ஊறுகாய் வந்திருக்கு. எலுமிச்சை. புளிக்கும். நல்லா புளிக்கும். நான் சாப்பிட்டேன்..." ரூபியைத் திரும்பிப் பார்த்தான். "...திரும்பவும் சாப்பிடுவேன்."

கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். பக்கத்து இருக்கையில் ரூபி சத்தமே வராமல், கண்ணீர் வழிய வழியச் சிரித்து, அவன் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி, "வணக்கம்" என்று ஆரம்பித்தான்.